குடத்து விளிம்பில் ஒரு தந்தக் கொடி

பழைய தஞ்சாவூர் வீணை என்றால் எல்லோரும் யாளி முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் குடத்து விளிம்பைப் பார்ப்பேன். மேல்பலகை குடத்தோடு சேரும் இடத்தில் சுற்றி ஓடும் தந்தப் பட்டை, அதில் ஊசிமுனையால் கீறி, கீறலில் கருப்பு அரக்கு நிரப்பிய கொடி. வலது முன்கை சாயும் இடத்தில் மட்டும் கொடி தேய்ந்து அழிந்திருக்கும். பட்டை உறைந்த நெய்யின் நிறத்துக்கு வந்திருக்கும். அந்தத் தேய்மானம் போதும், வாசித்தவர் கையை எங்கே ஊன்றி மீட்டினார் என்று சொல்லிவிடலாம். எலும்புப் பட்டையில் லென்ஸ் வைத்தால் ரத்தம் ஓடிய துளைகள் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். தந்தத்தில் அவை இல்லை.

தந்தம் இருந்தால் நாதம் கூடும் என்று சாதிக்கும் நண்பர்கள் உண்டு. நான் ஒப்புக்கொண்டதில்லை. நாதம் பலாமரத்தில் இருக்கிறது, குதிரை மேலிருக்கும் உலோகத் தகட்டின் வளைவில் இருக்கிறது, மெழுகுக்கட்டில் மெட்டு உட்காரும் உறுதியில் இருக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) மீட்டும் விரலில் நெளி மாட்டாமல் வெறும் நகத்தால் மீட்டியவர். அந்த நாதத்துக்குப் பட்டையிடம் என்ன வேலை? தந்தம் கண்ணுக்கு மட்டும்தான். அதை ரசிக்க அதுவே எனக்குப் போதுமான காரணம்.

எங்கள் வீட்டு வீணை பெரியம்மாவுடையது. அவருக்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டி, கேரளத்தில் நான் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்கு வந்தது. தந்தம் உள்ள பொருள் வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் வனத்துறையிடம் சொல்ல வேண்டும். உரிமைச் சான்றிதழ் உள்ள பொருள் மாநிலம் விட்டு மாநிலம் போனால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது இது. வீணைக்கா இவ்வளவு என்று உறவினர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அலுப்பு வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள்: "ஒரு பழைய வீணை பாத்து வாங்கி அனுப்பேன்." நம் யானைத் தந்த வியாபாரம் 1986-லும், ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991-லும் நின்றுபோயின. நூறு வயது தாண்டிய வீணை என்றால் தொல்பொருள் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். சொந்த வாத்தியத்தோடு கச்சேரிக்குப் போய்வருகிறவர்களுக்கு 2013-ல் பாங்காக் மாநாட்டில் வாத்தியச் சான்றிதழ் என்று ஒரு வழி பிறந்தது. அப்படியும் 2014-ல் புடாபெஸ்ட் இசைக்குழுவின் வயலின் வில்கள் நியூயார்க் விமான நிலையத்தில் பிடிபட்டன. பிரிட்டனில், வாத்தியம் 1975-க்கு முன் செய்ததாக, தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், பதிவு செய்து விற்கலாம்.

இதற்கெல்லாம் பயந்து பட்டையைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஒட்டச் சொல்கிறார்கள் சிலர். அப்படிப் பிடுங்கிய வீணை ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் பலா சில்லு சில்லாகப் பெயர்ந்து, இடுக்கில் மக்கு அடைத்திருந்தது. பிடுங்கிய துண்டும் தந்தம்தானே, அதை மட்டும் விற்க முடியுமா? பழைய வீணை இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும், வாசிக்கப்படட்டும்.

புதுத் தந்தம் எனக்கு வேண்டாம். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவே ராத்திரி ரயிலில் யானை அடிபட்டது என்ற செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டு இங்கே வாழ்கிறவன் புதுத் தந்தம் வேண்டும் என்று சொல்லவே மாட்டான். என் குறை வேறு. இன்று கடைக்கு வரும் வீணைகளில் பளபளக்கும் பிளாஸ்டிக் தகடு, எல்லாவற்றிலும் ஒரே பூ, முனையில் கோந்து வழிந்திருக்கும். பிளாஸ்டிக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதிலும் கொடி கீறலாம். கீறுவதற்கு நாள் எடுத்துக்கொள்ளும் ஆசாரிக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லை. சொந்தங்களுக்கு இப்போது நான் எழுதுவது இதுதான்: புது வீணை சொல்லுங்கள், தந்தமும் மான்கொம்பும் வேண்டாம், விளிம்பில் மரத்திலேயே கையால் கொடி கீறித் தரச் சொல்லுங்கள், அதற்கு ஆசாரி கேட்கும் கூலியைக் குறைக்காதீர்கள்.