அருமையும் சிறப்பும்: மெட்டல் இசைத் தொகுப்பாளர் நெறி குறித்த ஓர் ஆய்வு

கலை வரலாறு எழுதுவோர் படைத்தோரைப் போற்றுவர், படைப்பை ஆராய்வர், படைப்பைத் தேடித் தொகுத்துக் காத்தோரையோ பெரும்பாலும் முன்னுரையில் நன்றி கூறி விடுத்துவிடுவர். தொகுத்தலும் ஒருவகைத் திறனாய்வே என்பது நம் கருத்து. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தேர்வு மதிப்பீடு இன்றி நிகழாது. இக்கருத்தைச் சோதித்தற்கு, இலக்கியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒரு துறையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஹெவி மெட்டல் என்னும் மேலைநாட்டு இசைவகையின் அன்பர்கள், இசைத்தட்டுகளைத் தொகுத்தும், பலரும் அறியாத குழுக்களைத் தேடிக் கண்டும் வளர்த்த நெறியே அத்துறை.

இவ்விசை பெரும்பான்மையோரால் 1970ஆம் ஆண்டு வெளிவந்த பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் நால்வர் அமைத்த குழு அது. 1979இல் அந்நாட்டில் புதுக்குழுக்கள் பல ஒருங்கே எழுந்தன. ‘சவுண்ட்ஸ்’ என்னும் இசை இதழ் அவ்வெழுச்சியைப் ‘பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை’ எனப் பெயரிட்டு வழங்கிற்று. பெரிய நிறுவனங்களின் துணை பெற்ற குழுக்கள் சிலவே. ஏனையவை தம் பொருளைச் செலவிட்டுச் சில நூறு அல்லது ஓராயிரம் தட்டுகளை அச்சிட்டு அஞ்சல்வழி விற்றன. தொகுப்பாளர் தேவைப்பட்டது இங்கேதான்.

தொகுப்பும் தொகுத்தோரும்

டயமண்ட் ஹெட் என்னும் குழு 1980இல் தன் முதல் தட்டைத் தானே வெளியிட்டது. உறையில் படமில்லை, தலைப்புமில்லை. வெற்று வெள்ளை உறையில் குழுவினரின் கையொப்பம் மட்டுமே இருந்தது. ஆயிரம் படிகளே முதற்கண் அச்சாயின. அக்குழுவின்பால் ஈடுபாடு கொண்ட டென்மார்க்கு நாட்டு இளைஞர் லார்ஸ் உல்ரிச், 1981இல் இங்கிலாந்து சென்று அவர்தம் நிகழ்ச்சியைக் கேட்டு, அவர்களுடனேயே தங்கியும் வந்தார். அவ்வாண்டே அவர் தொடங்கிய குழுதான் மெட்டாலிகா.

அக்காலத்தே லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பிரையன் ஸ்லேகல் என்னும் இளைஞர், வெளியறியாக் குழுக்களின் பாடல்களைத் திரட்டி ‘மெட்டல் மாசகர்’ என்னும் தொகுப்பை 1982இல் வெளியிட்டார். சங்கத் தொகை நூல்களின் இறுதிக் குறிப்புகள் தொகுத்தார் பெயரையும் தொகுப்பித்தார் பெயரையும் காத்து வைத்திருத்தலை நாம் அறிவோம். இங்கோ தொகுத்தாரும் தொகுப்பித்தாரும் ஒருவரே, புரவலர் இலர். குழு முறையாக அமையும் முன்னரே உல்ரிச் அத்தொகுப்பில் தமக்கோர் இடம் கேட்டுப் பெற்றார் என்பர். தொகை நூல் தனக்குரிய புலவனைத் தானே தோற்றுவித்தது எனின் மிகையாகாது.

இத்தொகுப்பின் முதற்பதிப்பில் மெட்டாலிகா என்னும் பெயரில் டகர ஒலிக்குரிய எழுத்து இரட்டித்து அச்சாயிற்று. பின்வந்த பதிப்பில் அப்பிழை நீங்கியதோடு, அக்குழுவின் பாடலும் வேறொரு பதிவாக மாறிற்று. எனவே, முதற்பதிப்பைத் தேடுவார் எல்லாம் பிழை அச்சின் மீது காதல் கொண்டார் என எள்ளுதல் பொருந்தாது. அவர் தேடுவது உண்மையில் ஒரு பாடவேறுபாடு. தட்டின் நடுவே, ஒலிவரி முடியும் வெற்றிடத்தில் பொறிக்கப்பட்ட எண்களையும் எழுத்துகளையும் ஒப்பிட்டு எது முதல் அச்சு, எது போலி எனத் துணியும் அவர்தம் பயிற்சி, பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்புநோக்கும் பயிற்சியினின்றும் பெரிதும் வேறன்று.

படியெடுத்த நாடாக்கள்

தட்டினும் எளியது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு நாடாப் பேழை, கேட்பார் ஒவ்வொருவரையும் படியெடுப்போராக ஆக்கிற்று. மெட்டாலிகா 1982இல் ஏழு பாடல்களைப் பதிந்து வெளியிட்ட மாதிரி நாடா, கை மாறிக் கை மாறி நாடு கடந்து சென்றது. அதன் படியொன்று நியூ ஜெர்சியில் பழம்பொருட் சந்தையில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜான் சசுலாவை அடைந்தது. பெரிய நிறுவனங்கள் முன்வராமையின் அவர் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி 1983இல் அக்குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்.

நாடா மாற்றிக்கொள்வோர் தம்மிடம் உள்ளவற்றின் பட்டியலை அஞ்சலில் அனுப்புவர்; அயலார் பட்டியலைப் பெறுவர்; ஒன்றுக்கு ஒன்றாக மாற்றுவர். அஞ்சற் செலவு தாளாத இளைஞர் முத்திரை படியாதவாறு அஞ்சல்தலையின் மேல் பசையோ சவர்க்காரமோ பூசி, அதனைக் கழுவி மீளவும் பயன்படுத்தினர். இது சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் அவர்தம் வேட்கையின் அளவைக் காட்டுவது. படியிலிருந்து படியெடுக்குந்தோறும் இரைச்சல் மிகும், நுண்ணொலி மறையும். ஐந்தாம் படியைக் கேட்டவன் மூலத்தைக் கேட்டிலன். சிதைவுக்கு ஊடே அதனை உய்த்துணர்ந்தான். சிதைந்த ஏட்டில் செய்யுளின் நலத்தைக் கண்டாருக்கு இவ்வனுபவம் புதிதன்று.

நாடாவோடு சிற்றிதழும் சென்றது. நார்வேயில் ஜான் கிறிஸ்டியன்சன் 1985இல் தொடங்கிய ‘ஸ்லேயர்’ இதழ் 2010 வரை வெளிவந்தது. இத்தகு இதழ்களால் நடுவிடம் எது, ஓரம் எது என்னும் வரையறை கலைந்தது. பிரேசில் நாட்டுப் பெலோ ஒரிசோண்ட்டி நகரில் இசைத்தட்டுக் கடையாக எழுந்து பின்னர் வெளியீட்டகமான கோகுமெலோ, 1987இல் சார்க்கோஃபாகோ குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. நார்வே நாட்டு இளைஞர் பின்னாளில் வளர்த்த இசைவகைக்கு அது முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பெருவணிகம் இணைக்காத இவ்விரு நாடுகளையும் இணைத்தது தொகுப்பாளரின் அஞ்சல் உறை.

அருமை வேறு, சிறப்பு வேறு

இனி, இந்நெறியின் குறையை ஆராய்வாம். தொகுப்பாளர் உரையாடலில் மூன்று மதிப்புகள் ஒன்றாக மயங்கிக் கிடக்கின்றன. கிடைத்தற்கு அரிது என்னும் அருமை ஒன்று. காலத்தால் முற்பட்டது என்னும் முதன்மை ஒன்று. கலையால் உயர்ந்தது என்னும் சிறப்பு ஒன்று. இவற்றுள் ஒன்று பிறிதொன்றை நிறுவாது.

நார்வேயின் மேஹெம் குழு 1987இல் ‘டெத்கிரஷ்’ என்னும் தட்டை ஆயிரம் படிகள் அச்சிட்டது. முதற்படி இன்று பெருவிலை பெறும். மறுபதிப்பு வாங்கியவனும் அதே பாடலையே கேட்கின்றான். முதற்படியால் மிகுவது உடைமையே, கேள்வியன்று. பிரான்சு நாட்டில் 1990களில் ‘லே லேஜியோன் நுவார்’ எனப்பட்ட குழுவினர் நாடாக்கள் சிலவற்றைத் தம் வட்டத்துக்கு அப்பால் செல்லாதவாறு மிகச் சிலவாகவே வழங்கினர். இங்கே அருமை நேர்ந்ததன்று, நேர்வித்தது. ஏழ்மையால் ஆயிரம் படியோடு நின்ற டயமண்ட் ஹெட்டையும் இதனையும் ஒரு நிறையில் வைத்தல் தகாது.

கீத் கான்-ஹாரிஸ் 2007இல் வெளியிட்ட தம் நூலில், இவ்விசைச் சூழலில் அறிவும் உழைப்பும் உறுப்பினர்க்கு மதிப்பாகத் திரள்வதை விளக்கியுள்ளார். அவ்விளக்கம் பொருத்தமுடையதே. ஆயினும் மதிப்பு வேட்கை ஒன்றே அனைத்துக்கும் காரணம் எனின், தம்மிடம் உள்ளதைப் படியெடுத்து அயலார்க்கு அனுப்பிய செயல் விளங்காது. தான் ஒருவனே உடையனாதலை விரும்புவோன் படியெடுத்து வழங்கான். பெற்றதைப் பெருக்குவோன் தொகுப்பாளன். பெற்றதைப் பூட்டுவோன் உடைமையாளன். இவ்வேறுபாடே இத்துறையின் உயிர்நிலை.

முதல் வகைக்குச் சான்று உல்ரிச்சின் பிற்காலச் செயல்கள். மெட்டாலிகா குழுவினர் டயமண்ட் ஹெட்டின் பாடல்கள் நான்கினை 1984 முதல் 1998 வரை தாமே பாடிப் பதிந்தனர். பிளிட்ஸ்கிரீக், ஹோலோகாஸ்ட், ஸ்வீட் சாவேஜ் முதலிய குழுக்களின் பாடல்களையும் பாடினர். தேர்ந்த பாடலை மீளப் பாடிக் காட்டுதலினும் சிறந்த உரை யாது? உல்ரிச் 1990இல் ஜெஃப் பார்ட்டனுடன் இணைந்து அப்புதிய அலையின் பாடல்களைத் தொகுத்தும் வெளியிட்டார். அயர்ன் மெய்டன் போன்ற புகழ்பெற்ற குழுவும் பாரலெக்ஸ் போன்ற மறக்கப்பட்ட குழுவும் அத்தொகுப்பில் அருகருகே நிற்கின்றன. அறியப்படாமை அங்கே தகுதியாகவும் கொள்ளப்படவில்லை, குற்றமாகவும் கொள்ளப்படவில்லை.

ஒரு குறையை மறைத்தல் கூடாது. கடிதம் எழுதவும் நாடா வாங்கவும் வசதியுடையார் எதைக் கேட்டாரோ அதுவே வரலாறாயிற்று. உறையிடப்படாத நாடா எந்நகரில் எத்துணை அழிந்ததோ அறியோம். தொகை நூல் கூறும் வரலாறு தொகையினுட் புகுந்தவற்றின் வரலாறே.

முடிவுரை

கனடாவில் 2002இல் தொடங்கப்பெற்ற மெட்டல் இசைக் கலைக்களஞ்சியம் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குழுக்களைப் பட்டியலிட்டுள்ளது. ஒரு காலத்தில் ஆறு திங்கள் காத்துப் பெற்ற பாடலை இன்று நொடியிற் கேட்கலாம். எனவே தொகுப்பாளர் பணி முடிந்தது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிடைத்தல் எளிதாயவிடத்துத் தேர்தல் அரிதாகின்றது. தேடலின் இடர்ப்பாடே மதிப்பாக நின்ற நிலை நீங்கி, செவியும் தெளிவுமே சான்றாக நிற்கும் நிலை வந்துள்ளது.

இச்செய்தி இசையன்பர்க்கு மட்டும் உரியதன்று. எவரும் காணாத ஏடொன்று கிடைத்தது என்பதனாலேயே ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதும் மாணவரை நாம் அறிவோம். அக்கருத்தை ஊக்குவித்த குற்றம் ஆசிரியராகிய நம்மிடமும் உண்டு. ஏட்டின் அருமை ஆய்வைத் தொடங்குதற்குரிய காரணமாகலாம், முடிவாகாது. வெள்ளை உறையிட்ட அத்தட்டின் பெருமை ஆயிரம் படியே அச்சானமையில் இல்லை. அதனைக் கேட்ட ஒருவர் இதனைப் பிறரும் கேட்டல் வேண்டும் எனத் துணிந்தமையில் உள்ளது.