ஒயிட் டவுனின் மஞ்சள்

போன வருடம் ஒரு சிறுகதை எழுதினேன். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு பழைய வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் தொழிலாளியின் ஒரு நாள்தான் கதை. முதல் பத்தியிலேயே, ஆக்கர் நிறச் சுவர்கள் மாலை வெயிலில் தங்கமாய் உருகின என்று போட்டிருந்தேன். அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். முப்பது வருடம் சுண்ணாம்பு மட்டையும் பிரஷும் பிடித்தவர்.

"ஆக்கர்னா என்னடா?"

போனில் படத்தைக் காட்டினேன்.

"இது மஞ்சக்காவி. சுண்ணாம்புல கலந்து அடிச்சா ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா ஒரு கலரு. காயறதுக்குள்ள வீட்டுக்காரன் வந்துட்டா, ஏன்யா இவ்ளோ அழுத்தமா அடிச்சேன்னு கத்துவான். வெளுத்துடும்னு சொன்னா நம்பமாட்டான்."

நான் எழுதியிருக்க வேண்டிய கதை அதற்குள் இருந்தது. நானோ வார இறுதியில் பைக்கில் வந்து சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களின் கண்ணைக் கடன் வாங்கி என் நாயகனுக்குப் பொருத்தியிருந்தேன்.

அலுவலகத்தில் எனக்கு நிறம் என்பது ஆறு இலக்கக் குறியீடு. மொத்தம் 1,67,77,216 நிறங்கள். யார் பார்த்தாலும் அதே குறியீடுதான், வசதி. ஆனால் அம்மாவின் மயில்கழுத்துச் சேலைக்கு எந்தக் குறியீட்டைக் கொடுப்பது? பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நடந்தால் நீலம், மடித்தால் பச்சை. பார்க்கிற ஆளும் நிற்கிற இடமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு முதலில் சொல்லும் பொருள் கோபம். நிறத்தையும் குறிக்கும் என்பது அடுத்துத்தான் வருகிறது. இதைக் கல்லூரி முடித்து வெகுநாள் கழித்துத்தான் படித்தேன் (இன்ஜினியரிங்கில் யார் சொல்லித்தரப் போகிறார்கள்), ஆடிப்போய்விட்டேன். பசலையும் அப்படித்தான். அவன் பிரிந்தால் படரும், வந்தால் மறையும். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நம் பழைய கவிதையில் நிறம் ஒருத்தி மேல் நிகழ்கிற ஒன்று. இன்றைய கதைகளிலோ நாயகி 'கோதுமை நிறம்'. மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவனுக்குக் கோதுமை எங்கிருந்து வந்தது? மேட்ரிமோனியல் விளம்பரத்திலிருந்து.

அதற்காக ஆங்கிலச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐடி பையன் 'நேவி ப்ளூ' என்றுதான் சொல்வான், அவன் வாயில் கருநீலத்தைத் திணித்தால் அதுவும் பொய். கிளிப்பச்சையும்கூட இப்போது தேய்ந்துவிட்டது. அதைச் சொல்கிற எத்தனை பேர் மனதில் கிளி வருகிறது?

கி. ராஜநாராயணன் தன் கடைசிக் காலம் முழுக்க எங்கள் ஊரில்தான் இருந்தார், 2021இல் இங்கேயே மறைந்தார். அவருடைய நிலத்தின் பெயரே ஒரு நிறம்: கரிசல். அவர் கதைகளைப் படிக்கும்போது அந்தக் கருப்பு எப்படிப்பட்டது என்ற கேள்வியே எனக்கு வருவதில்லை. மழையில் காலோடு அப்பிக்கொண்டு வரும், கோடையில் பிளக்கும், பருத்தி விளையும். அதில் பாடுபடுகிறவனுக்கு அது மண். உவமை தேடவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

எங்கள் ஊருக்கும் நிறப் பெயர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்ததை வெள்ளை நகரம் என்றும், மேற்கே எங்களவர்கள் இருந்ததைக் கறுப்பு நகரம் என்றும் வைத்தார்கள். இரண்டாவது பெயர் வழக்கொழிந்துவிட்டது. முதலாவது 'ஒயிட் டவுன்' ஆகி ஹோட்டல் விளம்பரங்களில் நன்றாக இருக்கிறது. அங்கே பாதிச் சுவர்கள் மஞ்சள். அந்த 'வெள்ளை' சுவரைப் பார்த்து வைத்த பெயர் இல்லையே. இந்த ஊரை எழுதுகிற நாங்கள் அந்தப் பெயரைத் தயங்காமல் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மஞ்சளின் அழகில் உருகுகிறோம். என் கதையிலும் அதைத்தான் செய்திருந்தேன். வாய்க்காலுக்கு மேற்கேயிருந்து சைக்கிளில் வந்து அடித்துவிட்டுப் போகிறவனின் மஞ்சள் அதில் இல்லை.

கதையைத் திருத்தினேன். தங்கம், மாலை வெயில் எல்லாம் போயிற்று. சுவர் ஈரமாக இருக்கிறது, வீட்டுக்காரர் கத்துகிறார், இவன் காயட்டும் என்று காத்திருக்கிறான். மறுபடி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"பரவால்ல. ஆனா காவியில ஃபெவிகால் ஊத்தவே இல்லியே உன் ஆளு. சாஞ்சா சட்டையில ஒட்டுமேடா."