செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்ட்ராங் காபி

சேலத்தில் காபி என்றால் என் கால் தானாகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் திரும்பிவிடும். ஏசியும் சோபாவும் கண்ணாடிக் கதவுமாகப் பெரிய செயின் கடைகள் நம் ஊருக்கும் வந்துவிட்டன. உட்கார்ந்து நாலு பேர் பேச நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் காபி? அது செவ்வாய்ப்பேட்டையில் நான் போகும் குறுகல் கடையில் நின்றுகொண்டே குடிப்பதுதான்!

அந்தக் கடை மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு லேசாக அமுக்கி, கொதிநீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார். டிகாஷன் சொட்டி முடியும்வரை யார் அவசரப்படுத்தினாலும் அவருக்குக் காது கேட்காது. டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் டிகாஷன், அப்புறம் பொங்கி வந்த பால். உயரத் தூக்கி இரண்டு ஆற்று. நுரை விளிம்புக்கு மேல் எழுந்து நிற்கும். முதல் வாயில் கசப்பு சுருக்கென்று ஏறும். விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு தங்கும். அடடா, என்ன காபி!

பால் கொஞ்சம் தண்ணியாக வந்த நாளில் டிகாஷனை அவரே கூட்டிவிடுவார். "அண்ணா, தலை வலிக்குது" என்றால் போதும், "இருங்க சாமி" என்று முதல் டிகாஷனிலிருந்து போட்டுத் தருவார். செயின் கடையில் நிற்கும் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மும்பையிலும் சேலத்திலும் ஒரே ருசி வர வேண்டும் என்பது அந்தக் கம்பெனிகளின் கணக்கு. அளவை மாற்ற அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது. நம் மாஸ்டருக்கு உண்டு. எனக்கு எல்லாமே அந்த உரிமையில்தான் இருக்கிறது.

தூளும் அப்படித்தான். கொட்டையை அரைத்த நிமிஷமே மணம் பறக்க ஆரம்பித்துவிடும். இந்தக் கடைக்காரர் மூட்டையாக வாங்கி அடுக்குவதில்லை. பக்கத்துத் தெரு மிஷினில் அன்றன்றைக்கு வறுத்து அரைத்து வாங்குகிறார். தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. இவர் 20-ஐத் தாண்டுவதில்லை. "சிக்கரி நெறம் குடுக்குமுங்க, மணம் குடுக்காது" என்பது அவர் வாக்கு.

மணத்துக்குப் பஞ்சமா நமக்கு? அண்ணாந்து பார்த்தால் சேர்வராயன் மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைமேல் ஏற்காட்டில் காபியை நட்டுவைத்தார். இன்றும் அங்கே சில்வர் ஓக் நிழலில் அரபிகா விளைகிறது, அந்த மரங்களிலேயே மிளகுக் கொடியும் ஏறுகிறது. நாமக்கல் பக்கம் கொல்லிமலையிலும் இதே காட்சி. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் ஒரு பெட்டிக்கடை அக்கா போட்டுக் கொடுத்த காபியை நினைத்தால் இப்போதும் நாக்கில் நீர் ஊறுகிறது. மலையில் காய்த்தது அடிவாரத்து டம்ளருக்கு வர ஒரு மணி நேரப் பயணம் போதும். நரசுஸ் காபி 1926-இல் இந்தச் சேலத்தில்தான் பிறந்தது என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

போவதானால் விடிகாலை ஆறரைக்குள் போய்விடுங்கள். முதல் ஃபில்டர் அப்போதுதான் இறங்கியிருக்கும். சர்க்கரை பாதி போடச் சொல்லுங்கள். திரும்பும்போது அந்த மிஷின் கடையில் கால் கிலோ பீபெரி அரைத்து வாங்குங்கள். பொட்டலத்தைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். பக்கத்து சீட்காரர் கட்டாயம் கடை எங்கே என்று கேட்பார், வழி சொல்லுங்கள்.