பாயிரமும் மீதரவும்: கிழக்கிலங்கைக் கவிகளைப் பேணும் நெறி

நூலைப் பேணுதல் ஒன்று. நூலைப் பற்றிய செய்தியைப் பேணுதல் பிறிதொன்று. முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாதவழி, காக்கப்பட்ட பொருளும் தேடுவார்க்குக் கிட்டாப் பொருளாகவே ஒழியும். கணினிவழி ஆவணங்களைத் தொகுப்போர் ஒவ்வோர் ஆவணத்தோடும் இணைத்து வைக்கும் விவரக் குறிப்பை மீதரவு என்பர். சொல் புதிது, கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று.

சிறப்புப் பாயிரத்தில் அமைதற்குரியன எட்டு என நன்னூலார் வகுத்தனர். நூலின் பெயரும் ஆக்கியோன் பெயரும், அது வந்த வழியும் வழங்கும் எல்லையும், யாப்பும் நுதலிய பொருளும், கேட்போரும் பயனும் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய அறிஞர் தொடங்கிய முயற்சி, பின்னர் ‘டப்ளின் கோர்’ என்னும் 15 கூறுகளாக நிலைபெற்றது. பெயர், ஆக்கியோன், பொருள், மூலம், காலம், எல்லை ஆகியன இரண்டிடத்தும் உள. நன்னூலார் மறவாத ‘கேட்போர்’ அப்பதினைந்தனுள் இல்லை, பின்னரே சேர்க்கப்பட்டது. அதிலுள்ள ‘உரிமை’ பாயிரத்துள் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது எனலாம்.

இவ்வளவைகொண்டு கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் வாய்மொழிக் கவிகளை நோக்குவாம். இறக்காமம் குளமும் வயலும் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களிற் காவற்பரணிலும் சூடு மிதிக்கும் களத்திலும் பிறந்த கவிக்கு ஆக்கியோன் பெயர் இல்லை, நூற்பெயரும் இல்லை. எஞ்சுவன எல்லையும் களமும் காரணமுமே. அச்சு நூலுக்குத் துணைச் செய்தியாக நிற்கும் இவை, கவிக்கு உயிர்ச் செய்தியாகும்.

எல்லையைக் குறிப்பதிலும் இடருண்டு. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது 1964இல். அப்பெயர் பழைய நிலப்பரப்பு முழுவதையும் தழுவுவது. ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பாடலை இன்று ‘அம்பாறை’ எனத் தேடுவான் காணான். இறக்காமம் சிங்கள வழக்கில் எரகம எனவும் பெயர்பெறும். ஆகவே ஊர்ப்பெயர், அதன் மாற்று வடிவங்கள், அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் ஆகியவற்றை ஒருங்கே பொறித்தல் வேண்டும்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் பணி போற்றற்குரியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2004இல் ஆழிப்பேரலை கல்முனைக் கரையைச் சூறையாடிற்று. இவற்றை அறிந்தார்க்கு அப்பணியின் அருமை விளங்கும். நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் எனும் அதன் குறிப்பு அச்சு நூலுக்கு நன்கு பொருந்துவது. ஆயின் நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தொகுத்த கவிகள் அவ்வாறு பதியப்படுங்கால், குறிப்பு நூலைச் சுட்டுமேயன்றி உள்ளிருக்கும் தனிக்கவியைச் சுட்டாது. தனிக்கவிக்கும் தனிக்குறிப்பு வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

இது மிகையென்பார் குறுந்தொகையை நினைக. இன்னார் கூற்று என்னும் அடிக்குறிப்பின்றேல் அப்பாடல்களுட் பல பொருள் மயங்கும். புலவர் பெயர் அறியாவிடத்துப் பாட்டின் தொடர்கொண்டே செம்புலப்பெயனீரார் எனப் பெயரிட்டு வழங்கினர் முன்னோர். தலைவி கூற்றாக அமைந்த நாட்டார் கவியைப் பரண்மேலிருந்த ஆடவன் பாடியிருத்தலும் கூடும். பாடியவர் ஆணோ பெண்ணோ, பாடிய இடம் யாது, கேட்டிருந்தார் யாவர் என்பன குறிக்கப்படாவிடின், நூற்றாண்டு கழித்து வரும் ஆய்வாளன் எஞ்சிய சொல்லையே வாழ்வெனப் பிறழ உணர்வான்.

அரபுத்தமிழ் ஏடுகட்கும் இஃது ஒக்கும். மொழி தமிழ்; எழுத்து அரபு. மொழியொன்றையே குறித்தால் எழுத்து மறையும். எழுத்தை நோக்கி ‘அரபு’ என எழுதினால் நூலே வேறிடம் செல்லும். இரண்டிற்கும் இரு கூறுகள் வேண்டும்.

இறுதியாக உரிமை. தோழியர் நடுவே மூதாட்டி பாடிய காதற்கவியை உலகெலாம் கேட்கச் செய்தற்கு அவர் இசைந்தாரா என்பது மீதரவிற் பதியத்தக்க செய்தியே. இசைவு பெறாத ஒலிப்பதிவு சேமிப்பாகலாம், அறமாகாது. ‘கேட்போர்’ என்று நன்னூலார் வைத்த கூறு இங்கே புதுப்பொருள் பெறுகின்றது.

இவற்றையெல்லாம் கேட்டெழுத வல்லார் கணினி வல்லார் மட்டுமல்லர். ஊரின் பேச்சும் தொழிலும் உறவும் அறிந்த ஆசிரியரும் மாணவருமே. பாடிய முதியோர் உள்ளபோதே இப்பாயிரம் எழுதப்படல் வேண்டும். அவர்க்குப்பின் கவி எஞ்சினும் அதன் களம் எஞ்சாது.