மோர்ஸ் இனி யாருக்கு?

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க விரும்பும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) மோர்ஸ் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம், 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாட்டோடு முடிந்தது. அமெரிக்கா 2007இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. கப்பல்கள் 1999இலேயே மோர்ஸுக்கு விடைகொடுத்துவிட்டன. அப்படியானால் இதை ஏன் கற்க வேண்டும்?

முதலில் வருவது, பேரிடரில் மோர்ஸ் கைகொடுக்கும் என்ற வாதம். அது நிற்கவில்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து ஹாம் பாரதி பிரசாத்தும் உடனிருந்த ஹாம்களும் செய்திகளைக் கொண்டுசேர்த்தது பெரும்பாலும் குரல் வழியே. மைக்கில் யாரும் பேசலாம். மோர்ஸுக்கோ இரு முனையிலும் பழகியவர் வேண்டும்.

இரைச்சலுக்குள் அமிழ்ந்த சிக்னலையும் காது பிடித்துவிடும் என்பது அடுத்த வாதம். குரலோடு ஒப்பிட்டால் உண்மைதான். குரலுக்கு 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்குச் சுமார் 150 போதும். ஆனால் ஸ்டீவன் ஃபிராங்கும் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் 2017இல் தந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை, தேர்ந்த காதுக்கும் எட்டாததைக் கணினியால் தோண்டி எடுக்கிறது. இங்கே மோர்ஸ் தோற்றுவிட்டது.

பொறியாளருக்குப் பயன்படுமா? அடிக்கடி வரும் E-க்கு ஒரே புள்ளி, அரிதான Q-வுக்கு நான்கு குறிகள். இன்றைய தரவுச் சுருக்கத்தின் அடிப்படையும் இதே எண்ணம்தான். அதைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும், கைப்பழக்கம் தேவையில்லை.

மோர்ஸ் வெல்லும் இடம் பட்டறை மேசை. ஒரு கிரிஸ்டல், ஓரிரு டிரான்சிஸ்டர், ஒரு கீ, நீளமாக ஒரு கம்பி: டிரான்ஸ்மிட்டர் தயார். குரலுக்கு இத்தனை எளிய சுற்று கிடையாது. எஃப்டி8-க்குக் கணினியும் துல்லியமான கடிகாரமும் வேண்டும். மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரிலோ ஒவ்வொரு பாகத்தையும் நாமே பற்றவைத்து, அதன் வேலையையும் அறியலாம். கீயை அழுத்தியதும் மின்னழுத்தம் சற்று இறங்கினால் அலைவெண் நழுவி, ஒலி கீச்சிடும். மின்வழங்கி ஏன் உறுதியாக இருக்க வேண்டும் என்பதைப் பாடநூலின் எந்த வரைபடமும் இவ்வளவு உறைக்கச் சொன்னதில்லை. அயனி மண்டல அடுக்குகள் மாற மாற சிக்னல் மங்கித் திரும்புவதும் நேரே காதில் விழுகிறது. எஃப்டி8 திரையில் அது வெறும் எண்.

என் தீர்ப்பு: கட்டாயத்தை நீக்கியது சரி. தொழில்முறைப் பொறியாளர் மோர்ஸ் தெரியாமலே சிறந்து விளங்கலாம். சொந்தக் கையால் ரேடியோ கட்ட விரும்பும் ஹாம் மட்டும் அதைத் தவிர்க்கக் கூடாது. கற்பவர் புள்ளி, கோடு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுத்தெழுத்தாக எண்ணுகிறவர் வேகம் கூடாமல் பாதியில் நின்றுவிடுவார். தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு எழுத்தையும் முழு வேகத்தில், ஒரே ஓசையாகக் கேட்டுப் பழக வேண்டும்.