சொல்லில்லா இசைக்கு ஓர் ஆற்றுப்படை

வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே தன்னைப் போன்ற வறிய கலைஞன் ஒருவனைக் கண்டு, தான் சென்ற நெறியையும் ஆங்குப் பெற்ற பேற்றையும் எடுத்துக் கூறி அவனை அவ்வள்ளல்பால் வழிப்படுத்துவது ஆற்றுப்படை எனப்பட்டது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சார்ந்தன. அவற்றை நுணுகி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். 'அவன் பெருவள்ளல், நீயும் செல்க' என்ற அளவில் அவை நின்றுவிடுவதில்லை. கடக்க வேண்டிய நிலம் எத்தகையது, எவ்விடத்தில் யார் உணவளிப்பர் என்பனவெல்லாம் விரித்துரைக்கப்படுகின்றன. மலைபடுகடாம் வழியிடையே உள்ள இடர்களையும் மறைக்காது சொல்கின்றது. நல்ல பரிந்துரையின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது எனலாம். அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, மேனாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவரும் பின்றொக் இசையிற் குழுக்களைக் கண்டறியும் முறையினையும் அவற்றைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறையினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்றொக் என்னும் பெயர் ஒரு திறனாய்வாளரின் எழுத்தினால் நிலைபெற்றது. ஆங்கிலத் திறனாய்வாளரான சைமன் ரெய்னோல்ட்ஸ், பார்க் சைக்கோசிஸ் என்னும் இலண்டன் குழுவினரின் 'ஹெக்ஸ்' என்ற இசைத்தொகுதிக்கு 1994 ஆம் ஆண்டு 'மோஜோ' இதழில் எழுதிய மதிப்புரையில் இச்சொல்லைக் கையாண்டார்; அதே ஆண்டு 'த வயர்' என்னும் இதழில் அதனை விரித்தெழுதினார். கிற்றார், முரசு முதலிய றொக் கருவிகளை றொக் இசைக்கு உரியன அல்லாத நோக்கங்களுக்குப் பயன்படுத்துவதே அவர் கருதிய பொருளாகும். கிற்றார் பாட்டிற்குத் துணைநின்று முழங்கும் நிலையினின்றும் நீங்கி, நாதத்தின் தன்மையையும் ஒலியின் நெசவையும் ஆக்கும் கருவியாதல் வேண்டும் என்பது அதன் சாரம். எனவே, இப்பெயர் தொடக்கத்திற் குறித்தது ஒரு வடிவத்தை அன்று, ஒரு விடுதலையை. இதனை மனங்கொள்ளாதார் இவ்விசையைப் பற்றிக் கூறுவன பெரும்பாலும் பிழைபடுகின்றன.

அவ்விடுதலை எத்துணை வேறுபட்ட திசைகளிற் சென்றது என்பதை மூன்று தொகுதிகளாற் காட்டலாம். முதலாவது, டோக் டோக் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1988 இல் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஒவ் ஈடன்'. முன்னர் யாவரும் முணுமுணுக்கும் பாடல்களாற் புகழ்பெற்றிருந்த இக்குழுவினர், தலைவரான மார்க் ஹொலிஸின் வழியில், இருளாக்கப்பட்ட ஒலிப்பதிவுக் கூடத்திலே பல கலைஞரைத் தனித்தனியே வாசிக்கச் செய்து, பதிவானவற்றுட் சிறு பகுதிகளை மாத்திரம் தெரிந்து கோத்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு மெல்லிய எக்காளமும் அதனைச் சூழ்ந்த அமைதியுமே கேட்கின்றன. இரண்டாவது, அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த ஸ்லிண்ட் குழுவினரின் 'ஸ்பைடர்லாண்ட்' (1991). இதிலே சொற்கள் உண்டு; ஆயின் அவை பெரும்பாலும் பாடப்படுவதில்லை, பேசப்படுகின்றன. தாழ்குரலிற் கதை சொல்லும் ஒருவனைச் சுற்றிக் கிற்றார்கள் காவலிருந்து திடீரெனச் சீறுகின்றன. மூன்றாவது, ஆமை எனப் பொருள்படும் பெயர்கொண்ட சிக்காகோக் குழுவான டோட்டஸ் 1996 இல் வெளியிட்ட தொகுதியின் முதல் உருப்படி, 'ஜெட்'. இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அதிலே, தாளக் கோலங்கள் ஒன்றனுள் ஒன்று கரைந்து செல்லும்போது, ஒலிநாடாவே பழுதுற்றதோ என ஐயுறத்தக்க ஒரு சிதைவு நிகழ்ந்து, அதன் வழியாகப் புதியதொரு பகுதி பிறக்கின்றது. அமைதியை நாடியது ஒன்று. அச்சத்தை நாடியது ஒன்று. தாளத்தின் நுண்மையை நாடியது மற்றொன்று. இம்மூன்றையும் ஒரே பெயராற் சுட்டுதல் தகும் என்றால், அப்பெயரின் அகலம் எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதன் பின் வந்த குழுக்களாலேயே இவ்விசை உலகெங்கும் பரவியது. 1995 இற் கிளாஸ்கோவில் தோன்றிய மொக்வாய், மொன்றியலைச் சேர்ந்த கோட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் ஆகியோர் இவர்களுள் தலையாயவர். ஒலி மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கிப் பேரோசையாய் வெடித்தல் என்னும் அமைப்பு இவர்களிடத்தே சிறப்புற்றது. 2003 இல், டெக்சாஸ் மாநிலத்து எக்ஸ்புளோஷன்ஸ் இன் த ஸ்கை குழுவினர் குரலே இல்லாத ஐந்து உருப்படிகள் கொண்ட தொகுதி ஒன்றினால் இவ்வமைப்பை இனிமையின் எல்லைக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டிலே ஒரு திரைப்படத்திற்கும் இசையமைத்தனர். இவர்கள் யாவரும் தத்தம் அளவிற் சிறந்தவர்களே. ஆனால், இவர்களைப் பின்பற்றி எழுந்த எண்ணற்ற குழுக்களிடத்தே அமைப்பு மாத்திரம் எஞ்சியது. அதனை வேண்டிநின்ற உள்ளக்கிளர்ச்சி எஞ்சவில்லை. பத்தாவது நிமிடத்தில் வெடிப்பு வரும் என்பதை முதல் நிமிடத்திலேயே கேட்போர் உணர்ந்துவிடின், அவ்வெடிப்பினால் ஆவது யாது?

இக்குறைக்குக் கலைஞரை மட்டும் பொறுப்பாக்குதல் நீதியன்று. பரிந்துரைப்போருக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு என்பதே எமது துணிபு. 'இக்குழுவை விரும்புவோர் அக்குழுவையும் விரும்புவர்' என்பதே இவ்விசையைப் பொறுத்தமட்டிற் பெருவழக்கான பரிந்துரையாய் இருந்து வந்துள்ளது. இன்று இணையவழி இசைச் சேவைகளும், ஒன்றைக் கேட்போர் வேறெவற்றைக் கேட்கின்றனர் என்பதைப் பெரிதும் கணக்கிட்டு இதனையே பொறியின் விரைவோடு செய்கின்றன. ஒப்புமை ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு செல்பவன் மேலும் மேலும் ஒத்தவற்றையே அடைவான். மொக்வாயிலிருந்து புறப்பட்டவன் மொக்வாயின் நிழல்களுள் உலவுவானேயன்றி, 'ஸ்பிரிட் ஒவ் ஈடன்' என்னும் சோலையை ஒருகாலும் அடையமாட்டான். ஒப்புமைப் பரிந்துரை நெறியைக் காட்டுவதில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிவரச் செய்கின்றது.

இன்னொரு குறையும் உண்டு. சொல்லில்லா இசையைச் சொல்லால் உணர்த்துவது அரிது. நம்மவர் ஆலாபனையும் சொல்லின்றியே விரிவதாயினும், அங்கே இராகம் என்னும் பொது அளவை ஒன்று உண்டு. 'அவ்வித்துவான் பாடிய தோடி' என்றவுடன் சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே ஒரு மொழி பிறந்துவிடுகின்றது. பின்றொக் இசைக்கு அத்தகைய பொது இலக்கணம் இல்லை. ஆகவே, பரிந்துரைப்போர் மலை, கடல், பனி, விண்மீன் முதலிய உவமைகளைத் தஞ்சமடைகின்றனர். சிகுர் ரோஸின் இசையைப் பற்றி எழுதுவோர் பனிப்பாறையைக் குறிப்பிடாது விடுதல் அரிதாயிற்று. ஐஸ்லாந்திற் பனிப்பாறை உண்டு என்பது புவியியல். அது திறனாய்வு ஆகாது. அக்குழுவின் பாடகரான யோன்சி செலோ வில்லினாற் கிற்றாரை மீட்டுகின்றார். 2002 ஆம் ஆண்டுத் தொகுதியில் எம்மொழிக்கும் உரியவல்லாத அசைகளைக் கொண்டு பாடுகின்றார். அத்தொகுதியின் எட்டு உருப்படிகளும் பெயரின்றி வெளியிடப்பட்டன. உடன் வந்த சிறு நூலின் பக்கங்களும் வெறுமையாய் விடப்பட்டன. இவற்றைக் கூறின், குரலும் ஒரு கருவியாய் நின்று பொருளைக் கேட்போரிடமே விட்டுவிடும் கலை இது என்பது தானே விளங்கும். உவமை செய்யாததைச் செய்தி செய்துவிடுகின்றது.

அவ்வாறாயின் நல்ல பரிந்துரை யாது? முதலாவதாக, அது குழுவைச் சுட்டுவதோடு அமையாது, ஓர் உருப்படியையும் அதிற் கேட்க வேண்டிய இடத்தையும் சுட்டுதல் வேண்டும். கோட்ஸ்பீட் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்டைத் தொகுதியிலே 'ஸ்லீப்' என்னும் நெடிய உருப்படி உண்டு. அதன் தொடக்கத்தில் முதியவர் ஒருவர் நியூயோர்க்கின் கோனித் தீவுக் கடற்கரையிற் கழிந்த பழைய நாட்களை நினைந்து பேசுகின்றார். அவருடைய பேச்சு ஓய்ந்த பின்னரே கருவிகள் மெல்ல எழுகின்றன. பின்னர் வரும் பேரோசை இழந்துபோன ஒரு வாழ்வுக்கான இரங்கலாய் ஒலிப்பதற்குக் காரணம், முன்னர்க் கேட்ட அத்தனிக்குரல் நம் நெஞ்சை விட்டு நீங்காமையே. இதனைச் சுட்டிக்காட்டாது 'உணர்ச்சி மிக்க இசை' என்று மாத்திரம் கூறுவார் வாயிலிலேயே கேட்போரைக் கைவிடுகின்றனர்.

இரண்டாவதாக, ஒப்புமையை விடுத்துத் தொடர்பைப் பற்றிச் செல்லுதல் வேண்டும். தொடர்பு என்பது மனிதர், வெளியீட்டு நிறுவனம், ஒலிப்பதிவுக் கூடம் ஆகியவற்றின் வழி வருவது. சான்றாக, 2024 இற் காலமான ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஸ்லிண்டின் முதற் தொகுதி, மெல்பேணைச் சேர்ந்த டேர்ட்டி திறீ குழுவினரின் 'ஓஷன் சோங்ஸ்' (1998), கோட்ஸ்பீட் குழுவினர் 2002 இல் வெளியிட்ட தொகுதி, ஜப்பானிய மோனோ குழுவின் 'ஹிம் ரு த இம்மோர்டல் விண்ட்' (2009) ஆகிய யாவும் அவராற் பதிவு செய்யப்பட்டவை. இவை ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. எனினும், கருவிகள் ஓர் அறையில் உண்மையாக ஒலிக்கும் வண்ணமே அவற்றைப் பதிய விரும்பிய ஒருவரின் செவி இவற்றை இணைக்கின்றது. இவ்வாறே மொன்றியலின் கொன்ஸ்டலேஷன் நிறுவனத்தைத் தொடர்வோர் கோட்ஸ்பீட்டிலிருந்து ரொறன்ரோவின் டூ மேக் சே திங்க் குழுவினரை அடைவர். ஒத்தவற்றை விட்டு வேறானவற்றிற் புகுவதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

மூன்றாவதாக, பரிந்துரைப்போன் தன் தீர்ப்பைத் துணிந்து கூறுதல் வேண்டும். இதற்கும் அல்பினியே சான்றாவார். 'ஸ்பைடர்லாண்ட்' வெளிவருமுன்பே ஸ்லிண்ட் குழு கலைந்துவிட்டது. அரங்குகளில் வாசித்துத் தம் இசையைப் பரப்புவதற்கு எவரும் இருக்கவில்லை. அந்நிலையில் 1991 இல் இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' இதழில் அல்பினி அதற்கு மதிப்புரை எழுதிப் பத்து விண்மீன்கள் வழங்கினார்; பத்தாண்டுகளிலே அது ஒரு மைல்கல்லாகப் போற்றப்படும் என்னும் கருத்துப்பட எழுதினார். அவர் கூற்றுப் பொய்க்கவில்லை. ஆதரிப்பாரற்றுப் போயிருக்கக்கூடிய ஓர் ஆக்கத்தை எழுத்து வாழ்விக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நான்காவதாக, வழியின் இடர்களையும் சொல்லுதல் வேண்டும். மோனோவின் தொகுதிகளை ஒரே மூச்சில் அடுத்தடுத்துக் கேட்பின், ஏற்றங்கள் யாவும் ஒரு தன்மையன என்னும் சலிப்பு எழலாம். ஒன்றை மாத்திரம் கேட்பதே தக்கது. டோட்டஸின் இசை தொடக்கத்தில் உணர்ச்சியற்றது போலத் தோன்றும். செவி தாளத்திற் படிந்த பின்னரே அதன் விளையாட்டுப் புலனாகும். 'ஸ்பிரிட் ஒவ் ஈடன்' வேறு வேலை செய்துகொண்டு கேட்பார்க்குத் தன்னைத் தருவதில்லை. குறை கூறுவதால் ஆக்கத்தின் மதிப்புக் குன்றிவிடும் என அஞ்சுதல் வேண்டா. எதிர்பாராத இடர் வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பிவிடும். அறிந்த இடர் அவ்வாறு செய்யாது.

இந்நெறிகளைத் தழுவி, இவ்விசையிற் புதிதாய்ப் புகும் மாணவர்க்கு ஒரு வழியைக் கூறலாம். முதலில் டேர்ட்டி திறீயின் 'ஓஷன் சோங்ஸ்'. வயலினே அங்கு முதன்மைக் கருவியாதலால், கருநாடக இசையிற் பழகிய செவிக்கு அது அயலானதாகத் தோன்றாது; ஆயினும் வில்லின் கரகரப்பையும் மூச்சையும் மறைக்காத அவ்வாசிப்பு நாம் அறிந்த வயலினுக்குப் புதியதொரு முகத்தைக் காட்டும். அடுத்து, மொக்வாயின் 1997 ஆம் ஆண்டுத் தொகுதியில் இறுதியாக அமைந்த, பதினாறு நிமிட நீளமுள்ள உருப்படி. முரசு அதில் ஓயாத அலைபோல் இயங்க, கிற்றார்களின் ஓசை ஓங்கித் தணிந்து, மீண்டும் ஓங்கி, ஈற்றிலே நெடுநேரம் தேய்ந்து அடங்குகின்றது. வெடிப்போடு முடிந்துவிடுவதே இவ்விசை எனக் கருதுவார்க்கு அத்தேய்வு தக்க விடையாகும். பின்னர் 'ஸ்லீப்', 'ஜெட்', 'ஸ்பைடர்லாண்ட்' என்ற வரிசையிற் சென்று, ஈற்றில் 'ஸ்பிரிட் ஒவ் ஈடன்' தொகுதியை அடைக. காலத்தால் முந்தியதைக் கடைசியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. ஏனையவற்றைக் கேட்டுப் பழகிய செவிக்கே, ஓசைகளுக்கிடையே அதில் விடப்பட்டுள்ள அமைதியும் இசையின் பகுதியே என்பது புலனாகும்.

மொக்வாய் குழுவினர் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதி பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. சிறு கூட்டத்தின் இசையாய் இருந்தது பலர்க்கும் உரியதாயிற்று என்பதில் மகிழ்ச்சியே. எனினும், பலர்க்கு உரியதாகுந்தோறும் ஒரு கலை ஒற்றை வாய்பாடாகச் சுருங்கும் அபாயமும் மிகுகின்றது. அதனைத் தடுப்பது கலைஞரால் மட்டும் இயலாது. தாம் கேட்டதை இன்ன இடத்தில் இன்னவாறு கேட்டோம் எனத் தெளிவாகவும் நேர்மையாகவும் பிறர்க்கு உரைக்கும் கேட்போரும் வேண்டும். அத்தகையோர் உள்ளவரை, 1994 இற் பெயர் பெற்ற அவ்விடுதலை வெறும் பெயராய் ஒழிந்துபோகாது.