ஒரு கோதுமை மணியும் ஒரு கிண்ணம் ஓட்ஸும்

2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ஓட்ஸில் செய்யும் காலை உணவான சீரியோஸில் சுமார் 18 லட்சம் டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. மேலே ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தது; உள்ளே கோதுமை மாவு. கலிபோர்னியாவின் லோடை ஆலைக்கு ரயில் வராத நாட்களில் ஓட்ஸ் மாவை லாரிக்கு மாற்றி ஏற்றினார்கள். அந்தக் கைமாற்றில்தான் கலப்பு நேர்ந்தது. மனிதத் தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட தவறைத் தேடிப் பிடித்துத் திருத்திவிடலாம். எனக்கு உறுத்துவது எந்தத் தவறும் நடக்காத நாட்கள்.

கோதுமையில் உள்ள குளூட்டன் ஓட்ஸில் இயல்பாகக் கிடையாது. ஆனால் ஓட்ஸ் விளைந்த நிலத்தில் அடுத்து கோதுமையோ பார்லியோ வரும். அறுவடை எந்திரமும் லாரியும் கிடங்கும் மூன்றுக்கும் பொது. தனி நிலம், தனி எந்திரம் என்று விதையிலிருந்தே பிரித்து வளர்ப்பது ஒரு வழி. கலந்து வந்த தானியத்தை அளவும் வடிவமும் பார்த்து எந்திரத்தில் பிரிப்பது இன்னொன்று. சீரியோஸ் இரண்டாவது வகை. செலவு குறைவு என்பதால் சாதாரணக் கடையில் சாதாரண விலைக்கே கிடைத்தது. சிறப்பு உணவு என்றாலே கூடுதலாக அழுது பழகிய குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் கணக்கு உதைக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்க விதிப்படி ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 30 கிராம் கிண்ணத்துக்கு அது 0.6 மில்லிகிராம். ஒரு கோதுமை மணியின் எடை ஏறக்குறைய 35 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தாலும் 3.5 மில்லிகிராம் ஆகிறது. ஒற்றை மணி தப்பி விழுந்த கிண்ணம் வரம்பைக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு தாண்டிவிடும். சீரியோஸ் மாவாக அரைத்துச் செய்வது, மணி சிதறிப் பரவிவிடும் என்பது நிறுவனத்துக்குச் சாதகமான வாதம், ஏற்கலாம். முழுதாக நசுக்கி விற்கும் ஓட்ஸுக்கு அந்த வாதமும் இல்லை.

பல டப்பாக்களிலிருந்து எடுத்ததை ஒன்றாகக் கலந்து நிறுவனம் சராசரி காணும் சோதனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்ததற்குப் பொருந்தும். எங்கோ ஒரு டப்பாவில் மட்டும் விழுந்த மணிக்குப் பொருந்தாது. குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோயாளி சராசரியைச் சாப்பிடுவதில்லை, தன் கிண்ணத்தில் இருப்பதைத்தான் சாப்பிடுகிறார். போதாக்குறைக்கு, அமெரிக்க விதி சோதனையைக் கட்டாயமாக்கவும் இல்லை. கனடாவின் சீலியாக் சங்கம் விடாமல் கேள்வி கேட்டது; 2018 ஜனவரி முதல் அங்கே நிறுவனம் சீரியோஸ் டப்பாவிலிருந்து ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகத்தை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அதே வாசகம் நீடித்தது. இரண்டில் கனடாவில் நடந்ததே சரி.

20 என்ற வரம்பில் குறையில்லை. அது சீலியாக் நோயாளிகளை மனத்தில் வைத்து வகுத்தது. அவர்களுக்கு, பிரித்து வளர்த்த ஓட்ஸ் என்று டப்பா சொன்னால் வாங்கலாம். சொல்லாவிட்டால், அதுவும் நசுக்கிய ஓட்ஸானால், வேண்டாம். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் நிலை வேறு: சில நிமிடங்களில் மூச்சு முட்டக்கூடியவருக்கு ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகம் எந்த உத்தரவாதமும் ஆகாது. இந்திய விதியிலும் அதே 20-தான். ஆனால் ஒவ்வாமை அறிவிப்புப் பட்டியலில் கோதுமை, பார்லியோடு ஓட்ஸையும் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அது மிகையான எச்சரிக்கையாகத் தெரியவில்லை.